ரோஸ்லின் கண்ணு, வந்தாச்சா?

அந்த அழைப்பில் அமலா முதலில் கேட்டது கேமராவைப் பற்றித்தான்.

கிருஷ்ணப்ரியாவுக்கு அந்தப் பேச்சு இன்றும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது. ஜூன் மாதத்து மதியம். புனேயின் வாக்கடில் பதினோராவது மாடி வீட்டின் பால்கனியில், மழைக்கு முன் காய்ந்துவிடுமா என்று கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்ததும் ஒரு பெண் குரல் ஹிந்தியில் ட்யூஷன் மேடமா என்று விசாரித்தது. இவள் தட்டுத் தடுமாறி ‘ஹாங்’ என்றாள். அந்தத் தடுமாற்றமே அடையாளம் சொல்லிவிட்டதுபோல, குரல் தமிழுக்கு மாறிக்கொண்டது.

“டீச்சர், நான் கட்கிலருந்து பேசறேன். பேரு அமலா. என் பொண்ணு ரோஸ்லினுக்குப் பத்தாவதுல மேக்ஸ் போயிடுச்சி. சர்ச்சுல உங்க நம்பர் குடுத்தாங்க.”

சேர்த்துக்கொள்ளலாம், இடம் இருக்கிறது என்றாள் கிருஷ்ணப்ரியா. அதற்குப் பிறகு வந்த கேள்விதான் கேமரா. முகம் கட்டாயம் தெரிய வேண்டுமா?

“வேண்டாமுங்க. இஷ்டமிருந்தாப் போட்டுக்கட்டும்.”

வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. சொல்ல வேண்டாம், எழுதிப் போட்டால் போதும் என்று பதில் சொன்னாள். தமிழில் எழுதலாமா என்றாள் அமலா. தாராளமாக எழுதலாம் என்றபோது கிருஷ்ணப்ரியாவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசியாக இன்னொன்று.

“பேர் கூப்பிடுவீங்களா டீச்சர்?”

“கூப்பிடுவேனுங்க. தினமும், எல்லாரையும்.”

“அப்ப சரி டீச்சர். சேத்துக்கங்க.”

பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன், போனைக் கொடுங்கள் என்று கிருஷ்ணப்ரியா கேட்டாள்.

“வெளிய போயிருக்கா டீச்சர்” என்றாள் அமலா. “வந்துடுவா.”

இவ்வளவுதான் பேச்சு. கூச்ச சுபாவமுள்ள மகளுக்காகத் தாய் முன்கூட்டியே வழி ஏற்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கிருஷ்ணப்ரியா துணிகளை உள்ளே எடுத்துப் போட்டாள். அப்படி நினைக்க அவளுக்குக் காரணமும் இருந்தது.

கட்கி, தேஹு ரோடு, ஏரவாடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளைகளுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்பு அது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் ஹிந்தியும் மராத்தியும், வீட்டில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள். வீட்டு மொழியில் யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு ஏறும் என்பது அறக்கட்டளைக்காரர்களின் நம்பிக்கை. இடம் பிடித்து, பிள்ளைகளைப் பஸ்ஸேற்றிக் கொண்டுவருவது ஆகிற காரியமில்லை என்பதால் எல்லாம் போன் திரையிலேயே நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த கிருஷ்ணப்ரியா, கல்யாணமாகி நிர்மலோடு புனே வந்தவள். இங்கே பள்ளிகளில் மராத்தி கேட்டார்கள். வேலை தேடிக்கொண்டிருந்தபோதே நிர்மலை அவன் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியது. ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள். பிறகு இன்னொரு ஆறு மாதம் என்றார்கள்.

ஒரு நாள் முழுவதும் அவள் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகள், வாசலுக்கு வந்த டெலிவரிக்காரரிடம் சொன்ன நான்கு எண்கள் மட்டும்தான் என்று ஆன நாட்கள் உண்டு. லிஃப்டில் ஏறுபவர்கள் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள், அவரவர் மாடியில் இறங்கிக்கொள்வார்கள். மாலை ஏழு மணிக்கு வகுப்பு என்பது அவளுக்கு வேலை என்பதைவிட, குரலை வெளியே எடுக்கிற நேரமாக இருந்தது.

முதல் வருடத்துப் பிள்ளைகளிடம் அவள் கேமராவைக் கட்டாயமாக்கியிருந்தாள். முகம் பார்த்தால்தானே பழக்கம் வரும் என்று நினைத்தாள். ஏரவாடாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பின்னால், ஒரே அறை வீட்டில், அவள் அப்பா பனியனோடு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது ஒரு நாள் எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து கிருஷ்ணப்ரியா முகத்தையும் கேட்பதில்லை, குரலையும் கேட்பதில்லை. பெயரை மட்டும் விடவில்லை. வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஊர்ப் பழக்கத்தில் கூடவே ஒரு ‘கண்ணு’வும், ‘வாங்க போங்க’வும் சேர்ந்து வரும்.

“மிஸ், எங்க டாடிகூட என்ன ‘அபே’ன்னு, டேய் போடற மாதிரிதான் கூப்பிடுவாரு” என்று தேஹு ரோட்டுப் பையன் ஒருவன் முதல் வாரத்தில் மைக்கைப் போட்டுச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வகுப்புகளை ஒருங்கிணைப்பவர் ரவிசந்திரன். கட்கியில் பிறந்து வளர்ந்து, ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிறவர். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அந்தச் செயலியே குறித்துக்கொள்கிறது, எதற்குத் தினமும் இதில் நேரம் போக்குகிறீர்கள் என்று ஒரு முறை கேட்டார்.

“அதுக்குத் தெரிஞ்சாப் போதுங்களா? கூப்பிட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள் இவள்.

ரோஸ்லினின் கட்டம் எப்போதும் முதலில் வந்துவிடும். கறுப்புத் திரையில் R என்ற ஓர் எழுத்து. “ரோஸ்லின் கண்ணு, வந்தாச்சா?” என்று இவள் கேட்டதும், ஓரத்தில் “வந்தேன் மிஸ்” என்று தமிழ் எழுத்தில் பதில் விழும். மற்ற பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அரைகுறையாக ஒன்றைத் தட்டிவிடுவார்கள். ஒருவன் கட்டைவிரல் மட்டும் காட்டுவான். கிருஷ்ணப்ரியா அந்தத் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பாருங்கள், ரோஸ்லின் எவ்வளவு சுத்தமாக எழுதுகிறார் என்று வகுப்பிலேயே சொன்னாள். கோயம்புத்தூரில் பிறந்தவளுக்கு அதில் மெச்சத்தான் தோன்றியது, சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஒரு நாள் கரண்ட் போய், தாமதமாக நுழைந்த கிருஷ்ணப்ரியா நேராகப் பாடத்துக்குப் போய்விட்டாள். பாதிக் கணக்கில் எழுத்து விழுந்தது: “பேர் கூப்பிடலயே மிஸ்.” சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “வந்தேன் மிஸ்” என்று உடனே பதில் வந்தது.

கணக்கு மட்டும் ரோஸ்லினுக்கு வரவில்லை. முதல் தேர்வில் வெறும் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அடுத்ததில் மூன்று மதிப்பெண். அதற்கடுத்து இருபதுக்கு ஏழு வந்தபோது, கிருஷ்ணப்ரியா வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பாராட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் இணைப்பை மூடாமல் விட்டுவைப்பது அவள் வழக்கம். எல்லோர் முன்பும் கேட்கக் கூச்சப்படுகிற சந்தேகத்தை அப்போது கேட்கலாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பிப்பாள். முதல் வாரங்களில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பிறகு R மட்டும் மிஞ்சியது.

சந்தேகம் எதுவும் கேட்காது. பேசாமல் இருக்கும். கிருஷ்ணப்ரியாதான் பேசுவாள். இன்றைக்கு என்ன காய், லிஃப்டில் யாரைப் பார்த்தேன், கோயம்புத்தூரில் இந்த நேரத்துக்குக் காற்று எப்படி இருக்கும். ஒரு நாள் தாளிக்கப்போனபோது எழுத்து விழுந்தது: “கடுகு வெடிக்கல மிஸ். எண்ணெ காயட்டும்.”

அந்தச் சமையலறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் முறையாக இருக்கும்.

“அம்மாகிட்டக் கத்துக்கிட்டீங்களா கண்ணு?”

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, “ஆமா மிஸ்.”

ஆவணியில் கணபதி ஊர்வலத்துக்காக டோல் மேளம் பழகும் குழுக்கள் மாலையானால் கிளம்பிவிடும். வகுப்பில் யார் மைக்கைப் போட்டாலும் பின்னால் டோல் சத்தம் கேட்கும். இவள் ஜன்னலுக்குக் கீழேயும் அதே சத்தம். எல்லோரும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம் என்று அந்த நாட்களில்தான் அவளுக்கு உறைத்தது. கட்கி அவள் வீட்டிலிருந்து ரிக்ஷாவில் போய்விடுகிற தூரம். ஆனால் யாரையும் அவள் பார்த்ததில்லை.

அப்படி ஒரு மாலையில்தான் நிர்மல் போன் செய்து, இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள் என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லாததுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது. கோயம்புத்தூரில் அம்மாவிடம் சொன்னால் அழுவாள். வகுப்பு முடிந்து, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பதினாறு வயதுப் பெண்ணிடம் சொல்கிற விஷயமில்லை இது என்று அவளே சொல்லிவிட்டுச் சொன்னாள். கல்யாணத்தில் சேர்த்து வைத்த இரண்டு பெயர்கள் இப்போது மின்சார பில்லில் மட்டும்தான் சேர்ந்திருக்கின்றன என்றாள். தினமும் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி தெரிகிறது என்றாள்.

“சாப்பிட்டீங்களா மிஸ்” என்று எழுத்து விழுந்தது.

இல்லை என்றாள்.

“தோசை ஊத்திக்கங்க. ஒக்காந்து சாப்பிடுங்க. நான் இருக்கேன்.”

அவள் தோசை வார்த்து, கணினியை எதிர் நாற்காலிப் பக்கம் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைக்கும்வரை R போகவில்லை.

தீபாவளிக்கு முன்னால் தேர்வு விண்ணப்பம் போடும் சமயம் வந்தது. விண்ணப்பத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் ரவிசந்திரன் ஒரு தரம் முகம் பார்த்துப் பேசுவார். அது அறக்கட்டளையின் விதி. கிருஷ்ணப்ரியாவுக்கு ரோஸ்லினை நினைத்துக் கவலை வந்தது. இந்தப் பெண் ரொம்பக் கூச்சம், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், ஆனால் எவ்வளவு பொறுப்பானவள் பாருங்கள் என்று எழுதி, அந்தத் தமிழ்ப் பதில்கள் சிலவற்றைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்திலேயே போன் வந்தது. எடுத்ததும் அவர் சிரித்தார்.

“மேடம், கட்கில பொறந்த பத்தாங்கிளாஸ் பொண்ணு இப்படி எழுதுமா? என் பொண்ணுக்கு என் பேரையே தமிழ்ல எழுத வராது. எங்க வயசுக்காரங்கதான் இங்க தமிழ் ஸ்கூல்ல படிச்சது. அப்புறம் எல்லாரும் பசங்கள இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட்டோம். இது பொண்ணு இல்ல மேடம். அம்மா. உங்க கிளாஸ்ல ஒக்காந்திருக்கறது அந்த அம்மா.”

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தேஹு ரோட்டில் ஒரு பையன் இடத்துக்குக் காத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் பெண் முகத்தைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பையனுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். வேறு வழி இல்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

கிருஷ்ணப்ரியாவுக்கு முதலில் வந்தது வெட்கம். வகுப்பில் ஏமாந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை; சமையலறையில் ஏமாந்ததுதான் சுட்டது. நின்றுகொண்டு சாப்பிடுவதையும் நிர்மலின் குரலில் வருத்தம் இல்லாததையும் தன்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்திருக்கக்கூடிய, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மகளின் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மாலை பெயர் கூப்பிடும்போது “ரோஸ்லின், வந்தாச்சா?” என்று மட்டும் கேட்டாள். கண்ணு வரவில்லை. மற்ற நாட்களில் உடனே விழும் பதில் அன்று தாமதமாக விழுந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் சமையலறைக்குப் போகவில்லை.

“அமலாக்கா” என்றாள். “மைக்கப் போடுங்க.”

கட்டம் காணாமல்போய்விடும் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. வெகுநேரம் கழித்து மைக் திறந்தது. மராத்தியில் ஏதோ ரயில் அறிவிப்பு. வண்டி வந்து நிற்கிற சத்தம்.

“டீச்சர்.”

“எங்கீங்க இருக்கீங்க?”

“ஸ்டேஷன்ல. அவருக்கு இந்த வாரம் காலை டியூட்டி. சாயங்காலம் வூட்ல இருப்பாரு. அந்த வாரமெல்லாம் இங்க பெஞ்சில ஒக்காந்து கேப்பேன்.”

“ரோஸ்லின் எங்கீங்க?”

“கல்யாண்ல, மும்பை பக்கத்துல. என் தங்கச்சி வூட்ல. துணிக்கடைல நிக்கிறா.”

“எப்பருந்து?”

“நான் உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாலருந்து.”

பிறகு அமலா சொன்னது எல்லாம் விட்டுவிட்டு வந்தது. நடுவில் இரண்டு வண்டிகள் போயின. புருஷன் இருதயராஜ் தொழிற்சாலை ஆள். கெட்டவர் இல்லை. மகள் பத்தாவது முடித்து டிப்ளமா படிக்கப்போகிறாள் என்று கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தேர்வு முடிவு வந்த அன்று, சால் என்கிற ஒற்றை அறை வீட்டு வரிசையில் அக்கம்பக்கத்தார் நிற்க, மகளைப் பேசக் கூடாததைப் பேசிவிட்டார். அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே, ஹிந்தியில் திருப்பிக் கொடுத்தாள். படிக்காதவளுக்கு இங்கே இடமில்லை என்றார் அவர். மறுநாள் காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனவள் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று இருதயராஜ் சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அமலா காலையில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்க்கிறாள். பகலில் வீட்டுக்கு வந்தால் தூங்குகிற புருஷன், அல்லது காலி வீடு. சர்ச்சில் கேட்டால், பெண் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள் என்பாள். அந்தப் பொய்யைச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் யாரோ இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லி எண்ணைக் கொடுத்தார்கள்.

“சீட்டுன்னு ஒண்ணு இருந்தா, என்னிக்காவது போன எடுக்கறப்போ, வா, பரீட்சை எழுதிட்டுப் போன்னு கூப்பிடலாம்ல டீச்சர். இல்லன்னா எதச் சொல்லிக் கூப்பிடறது?”

 கிருஷ்ணப்ரியா வேறு ஒன்றைக் கேட்டாள்.

“நான் பேசினதெல்லாம் கேட்டுட்டு இருந்தீங்களே அக்கா.”

“கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல.” அமலா சேர்த்துக்கொண்டாள். “நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறீங்கன்னு மட்டும் ஒரு தரம் மாதாகிட்ட சொன்னேன்.”

கிருஷ்ணப்ரியாவுக்குக் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகளின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் ஒரு தரம் பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

ரோஸ்லின் மறுநாள் மதியம் போனை எடுத்தாள். அவளுடைய உண்மையான குரல் சுருக்கமாக, வேகமாக, பாதி ஹிந்தியில் இருந்தது. ஐந்து மாதமாகத் தான் கூப்பிட்டு வந்த பெயருக்கு இதுதான் குரல் என்று கிருஷ்ணப்ரியாவால் ஒட்டவைத்துப் பார்க்க முடியவில்லை. மம்மி பேசச் சொன்னாளா என்று கேட்டாள் ரோஸ்லின். பரீட்சை எல்லாம் வேண்டாம், இங்கே செட்டாகிவிட்டேன், கடையில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள்.

“உங்க பேர்ல உங்கம்மா வகுப்புக்கு வந்துட்டு இருக்காங்க கண்ணு. ஜூன்லருந்து.”

“மம்மியா? மேக்ஸுக்கா?” ரோஸ்லின் சிரித்தாள். பக்கத்தில் இருந்த யாரிடமோ அதை ஹிந்தியில் சொன்னாள்; அவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோய், போனில் கடையின் பாட்டு மட்டும் கேட்டது.

“எவ்ளோ மார்க் வந்துச்சு மிஸ்?”

“கடைசியா வெச்சதுல இருபதுக்கு ஏழு.”

“எனக்கு அதுகூட வரல.”

ஒரு நாளாவது வகுப்புக்கு வந்து முகத்தைக் காட்டுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிருஷ்ணப்ரியா சொல்லத் தொடங்கினாள். கஸ்டமர் வந்துட்டாங்க மிஸ் என்று ரோஸ்லின் வைத்துவிட்டாள். மாலையில் கிருஷ்ணப்ரியா வகுப்பின் லிங்க்கை அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மாலைவரை, R என்ற கட்டம் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் ரோஸ்லினின் முகத்தை எதிர்பார்த்தாள். கறுப்பாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ரவிசந்திரன் பெயரை எடுத்துவிட்டார். எடுக்கும் முன் அவராகவே ஒன்று சொன்னார். அந்த அம்மா விரும்பினால் அவரே தேர்வு எழுதட்டும், விண்ணப்பத்தை நானே போட்டுத் தருகிறேன், அவருக்காக ஒரு இடம் கூடுதலாகக் கேட்டுப் பார்க்கிறேன். கிருஷ்ணப்ரியா அதைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் ஆர்வத்தோடு அமலாவிடம் சொன்னாள். அன்று இருதயராஜை இரண்டாம் டியூட்டிக்கு மாற்றியிருந்தார்கள். அமலா வீட்டிலிருந்துதான் பேசினாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“நான் எதுக்கு டீச்சர்? சப்பாத்தி தேய்க்க எக்ஸும் ஒய்யும் வேணுமா?” என்று அமலா சிரித்தாள். அந்த இடத்தை அந்தப் பையனுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள், பாவம் காத்திருக்கிறான் என்றாள். சிரித்தபடியேதான் சொன்னாள், ஆனால் மகளைக் கூப்பிட இனி கையில் ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அமலா குக்கரை இறக்கப் போனாள்.

அது போன வருடத்துக் கதை. நிர்மல் இன்னும் வரவில்லை. வாக்கட் வீட்டில் கொடியும் துணியும் அப்படியே இருக்கின்றன. இந்த ஜூனில் புதிய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கட்கிக்கு ஒரு நடை போய் வரலாம் என்று கிருஷ்ணப்ரியா சில ஞாயிற்றுக்கிழமைகளில் நினைப்பாள். போனால் இருதயராஜிடம் யார் என்று சொல்வது? அமலாவும் அழைத்ததில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால், அப்புறம் கறுப்புக் கட்டத்திடம் பேசுகிற மாதிரி பேச வருமா என்பதும் இருவருக்கும் ஒரு தயக்கமாக இருக்கலாம்.

வகுப்பு தொடங்கும் முன் இப்போதெல்லாம் A என்ற எழுத்தோடு ஒரு கட்டம் வந்துவிடுகிறது. வெறுமனே கேட்க வருகிறவர் என்று ரவிசந்திரனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு, கடுகு வெடிக்கிறவரை, சில நாள் தட்டு கழுவுகிறவரை, அந்தக் கட்டம் இருக்கும். கிருஷ்ணப்ரியா உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள், அந்தக் கட்டம் இருக்கிற நாட்களில்.

பெயர் கூப்பிடும்போது மட்டும், கடைசியில், பதிவில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள். புதிய பிள்ளைகள் முதலில் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தார்கள். பிறகு ஒரு பெண் மைக்கைப் போட்டுக் கேட்டாள், யார் மிஸ் அந்த ரோஸ்லின், எப்பவும் ஆப்சென்ட்டாவே இருக்காங்க என்று.

“வெளிய போயிருக்காங்க கண்ணு” என்றாள் கிருஷ்ணப்ரியா. “வந்துருவாங்க.”

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை, குக்கரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்த அமலா, சிரிப்பெல்லாம் போய், குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“டீச்சர், பேர எடுத்துட்டாப் பரவால்ல. தினமும் கூப்பிடறப்போ, கடைசியா அவ பேரையும் ஒரு தரம் கூப்பிடறீங்களா? இந்த வூட்ல அந்தப் பேர யாரும் சத்தமாச் சொல்றதில்ல. நான் ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுக்கறேன். நீங்க கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்க டீச்சர். கண்ணுன்னு சேத்து.”